உப்பு ஜாடியும் தைராய்டு மாத்திரையும்: கர்ப்பிணிகள் கேட்ட கேள்விகள்

மூன்று ஆண்டுகளாகத் தைராய்டு குறைபாட்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது நாள் தள்ளிப் போயிருக்கிறது. டாக்டரைப் பார்க்கும் வரை மாத்திரையை நிறுத்தி வைக்கச் சொல்கிறார் என் மாமியார். செய்யலாமா? (வாசகி, மேலூர்)

நிறுத்தவே கூடாது, டாக்டரைப் பார்ப்பதையும் தள்ளிப்போடக் கூடாது. சிசுவின் தைராய்டுச் சுரப்பி ஏறக்குறைய 12ஆவது வாரத்தில்தான் வேலையைத் தொடங்குகிறது என்பதாலும், அது தேவையான அளவு சுரக்க 18 முதல் 20 வாரங்கள் ஆகும் என்பதாலும், மூளை உருவாகும் முதல் மாதங்களில் குழந்தை தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. இதற்காகத் தாயின் சுரப்பி வழக்கத்தைவிடச் சுமார் 50 சதவீதம் கூடுதலாகச் சுரக்க வேண்டும். உங்கள் சுரப்பியால் அது இயலாது; ஆகவே மாத்திரையின் அளவைத்தான் கூட்ட வேண்டியிருக்கும், பெரும்பாலானோருக்கு 25 முதல் 30 சதவீதம் வரை. கர்ப்பம் உறுதியான வாரத்திலேயே டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு சுரப்பு குறைந்தால் இது ஏறும்) இரத்தப் பரிசோதனை செய்து, பாதிக் கர்ப்பம் வரை நான்கு வாரங்களுக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள். மாத்திரை எடுப்பவர்களுக்கு அது 2.5க்குக் கீழே இருப்பது நல்லது.

மாத்திரை தவறாமல் எடுத்தும் டி.எஸ்.எச். இறங்கவில்லை. காலையில் சத்து மாத்திரையையும் சேர்த்தே விழுங்கிவிடுகிறேன். (வாசகி, வாடிப்பட்டி)

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். இரும்புச்சத்தும் கால்சியமும் தைராய்டு மருந்தைக் குடலில் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்கின்றன. எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீருடன் தைராய்டு மாத்திரை. அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. சத்து மாத்திரைகளுக்குக் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி.

நல்லது என்று கேள்விப்பட்டு வீட்டில் இந்துப்புக்கு மாறிவிட்டோம். ஐந்தாவது மாதம் நடக்கிறது. சரிதானே? (வாசகி, செல்லூர், மதுரை)

இது எனக்குச் சற்று வருத்தம் தரும் கேள்வி. தூத்துக்குடி உப்பளங்களுக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு, பொதுவாக அயோடின் சேர்க்கப்படாத இந்துப்பை அதிக விலை கொடுத்து வாங்குகிறோம். தைராய்டு ஹார்மோனின் மூலப்பொருளே அயோடின்தான். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 250 வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்ப காலத்தில் சிறுநீரில் கூடுதலாக வெளியேறுவதும், சிசுவுக்குப் போவதும் சேர்ந்து தாயின் கையிருப்பைக் கரைக்கின்றன. கடும் குறைபாட்டில் தாய்க்கு முன்கழுத்துக் கழலையும், கருச்சிதைவும், குழந்தைக்கு அறிவு வளர்ச்சிக் குறைவும் நேரலாம்.

வாடிக்கையாளர் கைக்கு வரும் அயோடின் உப்பில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. அதைக் காப்பாற்றுவது நம் கையில் இருக்கிறது. அழுக்கு போகட்டும் என்று கல் உப்பை அலசினால், மேலே தெளித்திருக்கும் அயோடின் தண்ணீரோடு போய்விடும். அடுப்பை ஒட்டித் திறந்து கிடக்கும் ஜாடியில் ஈரக் கரண்டியை விடுவதும் அப்படித்தான். மூடிவையுங்கள், உப்பைக் கூடியவரை சமையலின் கடைசியில் போடுங்கள். அதற்காக உப்பைக் கூட்டிவிடாதீர்கள், இரத்த அழுத்தம் இருந்தால் நிச்சயம் கூடாது. பால், முட்டை, கடல் மீன் சேர்த்துக்கொள்ளுங்கள். மதுரைக்காரர்களின் உயிரான அயிரை நன்னீர் மீன்; கடல் மீன் அளவுக்கு அதில் அயோடினை எதிர்பார்க்க முடியாது. அயோடின் மாத்திரையை நீங்களாக வாங்க வேண்டாம். மிகையானாலும் சுரப்பி கெடும்.

முட்டைக்கோஸ் தைராய்டுக்கு ஆகாது என்கிறார்கள். அதை அறவே விட வேண்டுமா? (வாசகி, உசிலம்பட்டி)

வேண்டாம். வேகவைத்து அளவோடு உண்ணலாம்.

பிரசவமாகி ஐந்து மாதம். முதலில் படபடப்பும் எடை இழப்பும் இருந்தன. இப்போது ஒரே அசதி, முடி உதிர்கிறது. பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் என்கிறார்கள். (வாசகி, திருமங்கலம்)

அப்படியும் இருக்கலாம்; ஆனால் முதலில் படபடப்பு, பிறகு அசதி என்ற வரிசை, பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சியை நினைவூட்டுகிறது. சுமார் 20 தாய்மாரில் ஒருவருக்கு இது வருகிறது. ஒரு டி.எஸ்.எச்., ஒரு டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். பலருக்கு ஓராண்டுக்குள் சரியாகிவிடும். சிலருக்குக் குறைபாடு நிலைத்துவிடுவதால் அதன் பிறகும் ஆண்டுக்கொரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். குறைபாட்டுக்கு மாத்திரை தேவைப்பட்டாலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.