பழைய காருக்குப் புதிய உட்புறம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: சென்னையில் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்த 2013ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் டிசையர் காரை அண்மையில் வாங்கினேன். எஞ்சினில் குறை இல்லை. ஆனால் பீஜ் நிற உட்புறம் முழுவதும் அழுக்கேறிக் கிடக்கிறது. சீட், டோர் பேட் எனப்படும் கதவுகளின் உட்பக்க மூடி, டேஷ்போர்டின் கீழ்ப்பாதி ஆகிய அனைத்தையும் கறுப்பாக மாற்ற விரும்புகிறேன். தரைக்கு லேமினேஷன் மேட்டும் சேர்த்து ஒரே வாரத்தில் முடித்துத் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கொடுக்கலாம், ஆனால் அந்த மேட்டை மட்டும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். லேமினேஷன் என்று கடைகளில் சொல்லப்படுவது, காரின் கார்பெட்டுக்கு மேலே தரை முழுவதையும் மூடி ஒட்டப்படும் தடித்த வினைல் விரிப்பு. துடைப்பதற்கு எளிது என்பதால் குழந்தைகள் உள்ள வீடுகளில் பலரும் விரும்புகிறார்கள். ஆனால் அடியில் ஈரம் இருந்தால், அது வெளியேற வழியில்லாமல் கார்பெட்டுக்குக் கீழுள்ள பஞ்சிலேயே தங்கி, தரைத் தகட்டை மெல்ல அரித்துவிடும். மேலே பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. சென்னையில் ஓடிய கார் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அங்கே ஏராளமான கார்கள் நீரில் நின்றன. அவற்றில் பல கழுவித் துடைக்கப்பட்டு மீண்டும் விற்பனைக்கு வந்தன.

ஆகவே உட்புறத்தைக் கழற்றும் நாளில் நீங்களும் கடையில் இருங்கள். சீட் பெல்ட்டுகள் ஒவ்வொன்றையும் கடைசி வரை இழுத்துப் பார்த்தால், வழக்கமாக வெளியே வராத அந்த அடிப்பகுதி நாடாவில் சேற்றுக் கறை இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். முன் சீட்டுகள் நகரும் இரும்புத் தண்டவாளங்களிலும், அவற்றைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளிலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். கதவோரப் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, அடியிலுள்ள பஞ்சைக் கையால் அழுத்திப் பாருங்கள். முன்பக்கப் பயணியின் காலடியில் மட்டும் ஈரம் இருந்தால் வெள்ளத்தை நினைத்துக் கலங்க வேண்டாம், பெரும்பாலும் ஏ.சி.யின் நீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டிருக்கும், அதைச் சுத்தம் செய்தால் போதும். பஞ்சு முழுவதும் காய்ந்து, ஓரிரு மழைக்குப் பிறகும் உலர்ந்தே இருந்தால் மேட்டைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் ஒட்டாத, எடுத்து உதறக்கூடிய மேட்டையே நான் பரிந்துரைப்பேன்.

அடுத்து டோர் பேட். உங்கள் காரும் அதே தலைமுறை ஸ்விஃப்டும் முன்பகுதியைப் பெருமளவு பகிர்ந்துகொள்பவை என்பதால், ஸ்விஃப்டில் வந்த கறுப்பு முன்கதவுப் பேட்டுகள் பழைய உதிரிபாகச் சந்தையில் கிடைத்தால் பொருத்திப் பார்க்கலாம். சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ தேடுவதானால், உங்கள் பேட்டின் பின்புறத்தைப் படமெடுத்துக்கொண்டு போங்கள். பவர் விண்டோ சுவிட்சின் இடமும் கிளிப் துளைகளும் ஒத்திருக்கின்றனவா என்று ஒப்பிட்ட பிறகே பணத்தைக் கொடுங்கள். பின்கதவுப் பேட்டைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிடாமல் வாங்க வேண்டாம்.

கழற்றும் முறையைத் தெரிந்துகொண்டால் வேலை சரியாக நடக்கிறதா என்று உங்களுக்கே புரியும். உள் கைப்பிடிக் குழிக்குள்ளும் கதவை இழுக்கும் பிடியிலும் சிறு மூடிகளுக்குப் பின்னால் ஸ்குரூக்கள் ஒளிந்திருக்கும். அவற்றை எடுத்த பிறகு, பேட்டின் அடி விளிம்பிலிருந்து பிளாஸ்டிக் நெம்பியால் ஒவ்வொரு கிளிப்பாக விடுவித்து, மேலே தூக்கி, சுவிட்சின் கப்ளரை, அதாவது வயர் இணைப்பைப் பிரிக்க வேண்டும். இரும்பு ஸ்குரூ டிரைவரை வைத்து நெம்பினால் பெயின்ட்டில் கீறல் விழும், கிளிப்பின் காதும் உடையும். பழைய கிளிப்புகளில் சில எப்படியும் உடையத்தான் செய்யும். புதிய கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். உடைந்ததை அப்படியே விட்டு மூடிய கதவுதான் பிறகு மேடு பள்ளத்தில் கடகடவென்று சத்தமிடுகிறது.

பேட்டைக் கழற்றியதும் பின்னால் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று கறுப்புப் பசையால் ஒட்டப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். தேவையற்ற உறை என்று நினைத்து அதைக் கிழித்து எறிபவர்கள் உண்டு. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் கேபினுக்குள் வராமல், கீழேயுள்ள துளைகள் வழியாக வெளியேறச் செய்வது அந்தத் தாள்தான். கிழிந்திருந்தால் தடித்த பாலித்தீன் தாளை அதே அளவில் வெட்டி, பியூட்டைல் டேப் எனப்படும் ரப்பர் போன்ற பசை நாடாவால் சுற்றிலும் இடைவெளியின்றி ஒட்டச் சொல்லுங்கள்.

டேஷ்போர்டைத் தொடாமல் விடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அதை முழுதாக மாற்றுவதென்றால் ஸ்டீயரிங், மீட்டர், ஏ.சி. கட்டுப்பாடுகள், வயரிங் என ஏறக்குறைய முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டும். திரும்பப் பூட்டிய பிறகு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாத கீச்சுச் சத்தம் மிஞ்சுவது சாதாரணம். கறுப்பு ஸ்பிரே அடித்தால் கைபடும் இடங்களில் சீக்கிரமே உரிந்து, உள்ளிருக்கும் பீஜ் நிறம் திட்டுத் திட்டாகத் தெரியும். முதலில் நல்ல கார் வாஷ் நிலையத்தில், ஈரத்தை உறிஞ்சியெடுக்கும் இயந்திரத்தைக் கொண்டு உட்புறத்தைச் சுத்தம் செய்து பாருங்கள். அதன் பிறகும் கறுப்பாக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் சீட்டோடும் டோர் பேட்டோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். மதுரை வெயிலில் முழுக் கறுப்பு உட்புறம் எப்படிச் சுடும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சீட்டின் வடிவத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் பக்கெட் ஃபிட் கவர் போடுவதானால், செயற்கைத் தோலான ரெக்சினில் பி.வி.சி. வகையைவிட பி.யூ. வகை மென்மையாக இருக்கும். உட்காருமிடத்தில் சிறு துளைகள் இட்ட துண்டு வைத்துத் தைத்தால் முதுகில் வியர்வை தேங்குவது குறையும். ஆனால் குடும்பத்தில் முதியவர்கள் இருந்தால், வழுக்காத, சூடேறாத துணிக் கவரே மேல்.

கேள்வி: பத்து ஆண்டு பழைய காரில் கூரைத் துணி தொங்கித் தலையில் இடிக்கிறது. ஊசி வழியாகப் பசையைச் செலுத்தி ஒட்டிவிடலாம் என்கிறார்கள். நிற்குமா?
– வாசகி, திருச்சி

பதில்: நிற்காது. தொங்குவது துணி என்றாலும் கெட்டுப்போனது துணி அன்று. ரூஃப் லைனிங் என்பது அட்டை, அதன் மேல் மெல்லிய ஃபோம், ஃபோமின் மேல் துணி என மூன்று அடுக்காக அமைந்தது. வெயிலிலும் ஈரக்காற்றிலும் அந்த ஃபோம் மட்கி மாவாகிவிடுகிறது. விரலால் துணியை மேலே தள்ளிவிட்டுக் கையை எடுத்தால், சில வேளை மஞ்சள் தூள் உதிர்வதைப் பார்ப்பீர்கள். மாவின் மேல் எந்தப் பசையைச் செலுத்தினாலும் அது பிடிக்காது. துணியில் கறைதான் படியும்.

சன் வைசர், கைப்பிடிகள், விளக்கு, தூண்களின் மூடிகள் ஆகியவற்றைக் கழற்றி, அட்டையை மடங்காமல் வெளியே எடுத்து, பழைய ஃபோமை முழுவதும் சுரண்டி, வெப்பம் தாங்கும் ஸ்பிரே பசையால் ஃபோம் ஒட்டிய புதுத் துணியைப் போர்த்துவதே சரியான வழி. நல்ல குஷன் ஒர்க்ஸ் கடைகளில் இதைச் செய்வார்கள். காருக்குக் கூரையோரத் திரை ஏர்பேக் (விபத்தின்போது பக்கவாட்டில் திரைபோல் விரியும் காற்றுப்பை) இருந்தால் மட்டும் கம்பெனி சர்வீஸில் கொடுங்கள்.

கேள்வி: சீட் கவர் மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி தேவையா? ஏழு பேர் அமரும் காரில் மூன்றாம் வரிசையை எடுத்துவிடலாமா?
– வாசகர், சேலம்

பதில்: கவருக்கோ உட்புற நிறத்துக்கோ அனுமதி தேவையில்லை. சீட்டை நிரந்தரமாக எடுப்பது வேறு விஷயம். வாகனப் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கை பதிவாகியிருக்கிறது. அதில் உள்ள விவரத்துக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. சாமான் வைக்க இடம் வேண்டுமானால் மூன்றாம் வரிசையை மடக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கவரைத் தேர்ந்தெடுக்கும்போது முன் சீட்டின் வெளிப்பக்கத் தையலில் ‘ஏர்பேக்’ என்ற சிறு துணிச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த இடத்தை மூடாத, அதற்கென்றே தைத்த கவரைத்தான் போட வேண்டும். சீட்டைக் கழற்ற நேர்ந்தால், முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைப் பிரித்துச் சில நிமிடங்கள் காத்திருக்கச் சொல்லுங்கள். அடியில் காணப்படும் மஞ்சள் நிறக் கப்ளர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குக்குச் செல்பவை, அவற்றில் டெஸ்டர் வைத்துப் பார்க்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.