ஆவண மென்பொருள் வாங்குமுன் உங்கள் கடைக் கடதாசியைக் கொடுத்துப் பாருங்கள்

கேள்வி: பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயார் இறக்குமதி செய்கிறோம். 40 பேர் வேலை. இன்வொய்ஸ், பில் ஒஃப் லேடிங் (கப்பல் சரக்குப் பத்திரம்), பாக்கிங் லிஸ்ட் எல்லாம் மின்னஞ்சலிலும் வட்ஸ்அப்பிலும் கடதாசியிலுமாக வந்து சேர்கின்றன. இரண்டு பிள்ளைகள் நாள் முழுக்க இருந்து அவற்றைக் கணக்கு மென்பொருளில் தட்டுகிறார்கள். எல்லா ஆவணத்தையும் தானே வாசித்து, பிரித்து, கணக்கிலும் சேர்த்துவிடும் பிளாட்ஃபோர்ம் என்று ஒரு நிறுவனம் வந்து காட்டிவிட்டுப் போனது. ஆளுக்கு மாதம் இத்தனை டொலர், மூன்று வருட ஒப்பந்தம் என்கிறார்கள். காட்டியபோது நன்றாகத்தான் இருந்தது. வாங்கலாமா, ஐயா?
கொழும்பு 12 வாசகர்

பதில்: இப்போதைக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். அவர்கள் காட்டியது யாருடைய இன்வொய்ஸ் என்று கேட்டீர்களா? விற்க வருபவர் கொண்டுவரும் மாதிரி மடிப்பில்லாமல், நேராக ஸ்கேன் பண்ணி, பளிச்சென்று இருக்கும். அதை எந்த மென்பொருளும் வாசிக்கும். உங்களுக்கு வருவது வார்ஃபில் ஒருவர் வெயிலில் நின்று போனில் பிடித்த படம், சீல் குத்தி எழுத்து மறைந்த இரண்டாம் பக்கம், நாலாம் தடவை பிரதி எடுத்து மங்கிப்போன பில். கடந்த மூன்று மாதத்தில் வந்தவற்றில் ஆக மோசமான 50ஐப் பொறுக்கி எடுங்கள். உங்கள் அலுவலகத்திலேயே, அந்த இரண்டு பிள்ளைகளும் பக்கத்தில் இருந்து பார்க்க, ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

98 வீதம் சரியாக வாசிக்கும் என்று சொல்லுவார்கள். எழுத்துக் கணக்கில் பார்த்தால் 2,000 எழுத்துள்ள ஒரு பக்கத்தில் 40 பிழை. அந்த 40 எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் நட்டம். சுங்கக் குறியீட்டில் 7318.15 என்றால் போல்ட், திருகாணி. 7318.16 என்றால் நட். மங்கலான பிரதியில் அந்த 5ஐ 6 என்று வாசித்துவிட்டால் ஒரு கொள்கலன் போல்ட் பத்திரத்தில் நட்டாகிவிடும். பிறகு அதைத் திருத்த ஓடித்திரிவது நீங்கள்தான், மென்பொருள் விற்றவர் வரமாட்டார்.

அதனால் நல்ல அமைப்பு வாசித்ததோடு நிற்கக்கூடாது, வாசித்ததைச் சரிபார்க்கவும் வேண்டும். கொள்கலன் இலக்கத்தில் 4 எழுத்தும் 7 இலக்கமும் இருக்கும். கடைசி இலக்கம் முன்னுள்ள பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. நடுவில் ஒன்றைப் பிழையாக வாசித்தால் பெரும்பாலும் கணக்கு உதைக்கும். அதை உங்கள் மென்பொருள் தானாகப் பிடிக்குமா? இன்வொய்ஸில் எண்ணிக்கையையும் விலையையும் பெருக்கி மொத்தத்தோடு ஒப்பிடுமா? சந்தேகமானதை நிறுத்தி வைத்து ஒரு ஆளிடம் காட்டுமா? வாயால் சொல்வதை ஏற்க வேண்டாம், செய்து காட்டட்டும்.

'எதோடும் இணையும்' என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். உங்கள் கணக்கு மென்பொருளின் பெயரையும் பதிப்பையும் ஒப்பந்தத்தில் எழுதி, அதோடு இணைக்கும் வேலைக்கூலி விலைக்குள் அடங்குமா என்று கேளுங்கள். உரிமக் கட்டணத்தைவிட இந்த இணைப்பு வேலையில்தான் காசு கரைந்துபோவதைக் கண்டிருக்கிறேன். தட்டுகிறவர்கள் இரண்டே பேர் என்றால் 40 பேருக்கு உரிமம் எதற்கு? பக்கக் கணக்கில் கட்டணம் உண்டா என்று விசாரியுங்கள்.

டொலரில் மூன்று வருடம் என்றதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதே! ரூபாவில் விலை கேளுங்கள். மாட்டோம் என்றால் ஒரு வருடத்துக்கு மட்டும் போடுங்கள். 18 வீத வற் சேர்ந்த விலையா, சேராத விலையா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

உள்ளே போகுமுன் வெளியே வரும் வழியைப் பாருங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், ஒப்பந்தம் முடிந்து எங்கள் கோப்புகளைத் திருப்பிக் கேட்டபோது ஒரு ஹாட் டிஸ்க்கைக் கையில் தந்தார்கள். திறந்தால், ஒன்று இரண்டு என்று இலக்கம் மட்டும் போட்ட பீடிஎஃப்கள், ஆயிரக்கணக்கில். எது எந்த வியாபாரியுடையது, எந்தத் திகதி என்ற விவரம் எல்லாம் அவர்களுடைய தரவுத்தளத்தோடு போய்விட்டது. மூன்று பேர் இரண்டு மாதம் இருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் எழுதினோம். அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது. மூலக் கோப்பும், அதற்குரிய விவரங்களும் வேறு மென்பொருளும் வாசிக்கக்கூடிய சிஎஸ்வி அல்லது எக்ஸ்எம்எல் வடிவில் திரும்பக் கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும். முதல் மாதமே 100 கோப்பை வெளியே எடுத்துப் பார்த்துவிடுங்கள். பெரிய பெயர் என்றால் இந்தக் கவலை இல்லை என்று நினைக்காதீர்கள். பெயர்பெற்ற ஆவண மென்பொருளான டொக்குமென்டம் 2003இல் ஈஎம்சி நிறுவனத்திடமும், 2016இல் டெல்லிடமும், 2017இல் ஓப்பன்டெக்ஸ்டிடமும் போனது. இன்று உங்களோடு பேசுகிறவர் நாளைக்கு வேறு முதலாளியின் விலைப்பட்டியலோடு வரலாம்.

நானாக இருந்தால் இன்வொய்ஸை மட்டும் கொடுத்து மூன்று மாதம் ஓட்டிப் பார்ப்பேன். அந்தப் பிள்ளைகளை நிறுத்திவிடாதீர்கள். மென்பொருள் எங்கே தடுமாறுகிறது என்று முதலில் கண்டுபிடிக்கப்போவது அவர்களுடைய கண்தான்.

கேள்வி: வெள்ளவத்தையில் சிறிய கணக்காய்வு அலுவலகம் நடத்துகிறேன். ஆவணங்களை வாசித்துப் பிரித்துச் சேர்ப்பதையெல்லாம், எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருளிலேயே இலவசமாகச் செய்யலாம் என்கிறான் மருமகன். உண்மையா?

பதில்: உண்மைதான். கோப்புகளிலிருந்து எழுத்தை எடுக்க அப்பாச்சி டிக்கா, படத்திலுள்ள எழுத்தை வாசிக்க டெசரக்ட். அமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்க, 2005இல் தொடங்கி கொழும்பிலேயே வளர்ந்த டபிள்யூஎஸ்ஓ2இன் மென்பொருள். ஆனால் உரிமம்தான் இலவசம். நிறுவவும் பழுது பார்க்கவும் ஆள் வேண்டும். மருமகன் வெளிநாடு போய்விட்டால் யார் பார்ப்பது என்பதற்கு விடை இருந்தால் தாராளமாகத் தொடங்குங்கள். வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதிகளும் சம்பளப் பட்டியலும் உங்கள் அலுவலகக் கணினியிலேயே இருக்கும் என்பதும் இதில் ஒரு நன்மை. வெளியார் சேவைக்குப் போனால் தரவு எந்த நாட்டில் வைக்கப்படுகிறது என்று கேட்டு, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பெயர் சொல்லியே ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் எங்கள் நலன்புரிச் சங்கத்தின் 20 வருட அறிக்கைகள் கணினியில் இருக்கின்றன. தேடினால் ஒன்றும் அகப்படுவதில்லை. தமிழ் ஆதரவு உள்ளது என்று ஒரு மென்பொருளை விற்கப் பார்க்கிறார்கள்.

பதில்: அநேகமாக அவை, ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியவை. திரையில் 'வணக்கம்' என்று தெரிவது, கோப்புக்குள் டி, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும். மென்பொருள் அதை ஆங்கிலமென்று எண்ணிச் சேமித்துவிடும். நீங்கள் இப்போது போனிலும் கணினியிலும் பொதுவாக உள்ள யூனிகோடு முறையில் 'வணக்கம்' என்று தேடினால் எப்படி அகப்படும்? 'தமிழ் ஆதரவு' என்று அவர்கள் சொல்வது யூனிகோடைத்தான். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. ஆங்கிலச் சொற்களும் கலந்த அறிக்கையானால் அவையும் சேர்ந்து மாறிக் குழம்பிவிடும், அதைக் கவனியுங்கள். ஒரு வருட அறிக்கையை முதலில் மாற்றி, செயலாளர் ஒரு தடவை வாசித்துத் திருத்தட்டும். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.