கார் வாங்கியதும் அண்ணன் பேச்சைக் குறைத்துவிட்டார்: பொறாமையா, வருத்தமா?

பினாங்கு வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்: "எனக்கு வயது 39. நிபோங் திபால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது பத்து காவானில் வீடு. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் மேலாளர். மூன்று மாதத்துக்கு முன் ரிகாண்ட் (வெளிநாட்டில் ஓடி, இறக்குமதியான) போர்ஷே 718 கேமன் வாங்கினேன். பல வருட ஆசை. தவணை கட்டுவதில் சிரமம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அண்ணன் சரியாகப் பேசுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் முகம் கொடுப்பதில்லை. ஆபீசில் 'சப்ளையர் கொடுத்த அங்பாவா (அன்பளிப்புப் பணமா)?' என்று சிரிக்கிறார்கள். கோயில் கமிட்டியும் சொந்தக்காரர்களும் பணம் கேட்கிறார்கள். போன வாரம் கதவில் யாரோ சாவியால் கீறிவிட்டார்கள். கண்ணு பட்டுவிட்டது என்கிறார் அம்மா. மைத்துனன் தானும் இதே மாதிரி ஒன்று எடுக்கப் போகிறானாம். இத்தனை பொறாமைக்கு நடுவில் காரை வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா?"

விற்க வேண்டாம். கடன் கழுத்தை நெரித்தால் விற்கலாம். ஊர் வாய்க்குப் பயந்து விற்றால் கார் போன பிறகும் அந்தப் பயம் போகாது. அடுத்த வீடு, அடுத்த பதவி, பிள்ளையின் கல்யாணம் என்று ஒவ்வொன்றிலும் கூடவே வரும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எல்லாவற்றுக்கும் பொறாமை என்று ஒரே பெயர் வைத்திருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் பொறாமையே இல்லை என்பது என் கணிப்பு. எது என்னவென்று பிரித்துப் பார்த்தால்தான் யாரிடம் என்ன பேசுவது என்று தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரரிலிருந்து தொடங்குவோம். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: பாலத்தில் நெரிசல் கூடுவதற்குள் தாண்ட வேண்டும் என்று விடியற்காலை ஐந்தரைக்கே கிளம்புகிறீர்களாம். அந்த நேரத்தில் போர்ஷே கிளம்பும் சத்தம் எப்படி இருக்கும் என்பது, வீட்டுக்குள் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். இரவு முழுதும் குளிர்ந்து கிடந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால், புகையைச் சுத்தப்படுத்தும் கருவியைச் சீக்கிரம் சூடாக்குவதற்காக முதல் ஒரு நிமிடம் போல அது கூடுதல் வேகத்தில் சுற்றும். வரிசை வீடுகள் கொண்ட தாமானில் ஒரு சுவர்தான் இடைவெளி. அவருக்கு உங்கள் கார் மேல் பொறாமை இல்லை, தூக்கம் கெடுகிறது. ஸ்டார்ட் செய்துவிட்டு போர்ட்டிக்கோவிலேயே நின்று சீட் பெல்ட், போன், பாட்டு என்று சரிசெய்யாதீர்கள். எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள், உடனே மெதுவாக நகருங்கள். ஸ்போர்ட் எக்ஸாஸ்ட் பட்டன் இருந்தால் நெடுஞ்சாலைக்குப் போன பிறகு தொடுங்கள். ஒரு மாலை நேரில் போய், "காலையில சத்தம் தொந்தரவா இருக்குதுங்களா? குறைச்சிக்கிறேன்" என்று சொல்லுங்கள். இது சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அண்ணன் விஷயம் அப்படித் தீராது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

உங்கள் கடிதத்தில் அண்ணனைப் பற்றி மூன்று செய்திகள் இருக்கின்றன. ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு பிறையில் லோரி ஓட்டப் போனார். நீங்கள் போலிடெக்னிக் படித்தபோது ஓட்டிய ஹோண்டா இ.எக்ஸ்.5 மோட்டார் சைக்கிள் அவர் பெயரில் கடன் எடுத்து வாங்கியது. மூன்றாவது: போர்ஷேவைக் கோயிலுக்குக் கொண்டுபோய் பூஜை போட்ட அன்று மனைவி, பிள்ளை, மாமனார் வீட்டார் எல்லாரும் இருந்தார்கள், அண்ணன் லங்காவி பக்கம் டெலிவரிக்குப் போயிருந்ததால் சொல்லவில்லை. ஃபேஸ்புக்கில் படம் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

உங்கள் வாழ்க்கையின் முதல் வண்டிக்குக் கையெழுத்துப் போட்டவர், எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டி நகர்ந்த பிறகு, மற்றவர்களோடு மற்றவராக அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். அந்த மனிதர் வாய் திறக்காமல் இருப்பதைப் பொறாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொங்கலுக்கு வந்தவர் காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். பொறாமைப்படுகிறவர் பார்ப்பார், விலை கேட்பார், ஏதாவது ஒரு நொட்டை சொல்வார். மனம் நொந்தவர்தான் பார்க்காமல் போவார்.

போய்ப் பேசுங்கள். போர்ஷேவில் போகாதீர்கள். பணமோ பரிசோ கொண்டு போகாதீர்கள். அது அவரைக் கடன்காரராக்கும். "வாண்ணே, ஒரு ரவுண்டு போலாம்" என்றும் தொடங்க வேண்டாம். "அண்ணே, ஒங்கிட்டதான் மொதல்ல சொல்லியிருக்கணும். சொல்லல. அது தப்பு" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். காரணம் அடுக்காதீர்கள். அவர் கோபப்பட்டால் கோபப்படட்டும், பேசாமல் தே தாரிக் குடித்தால் குடிக்கட்டும். அன்றே சரியாகிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உங்கள் காரோடு அவர் தன்னை எப்போது சேர்த்துக்கொள்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

அம்மா சுற்றிப்போட வேண்டும் என்றால் சுற்றிப்போடட்டும். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டட்டும், பூசணிக்காய் உடைக்கட்டும். தோட்டத்து லயத்து வீட்டில் பிள்ளைகளை வளர்த்தவர், பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற பதற்றத்தை இப்படித்தான் ஆற்றிக்கொள்கிறார். "இந்தக் காலத்துல என்னம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள்.

ஆபீசுக்கு வருவோம். அங்கே இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. முதல் மாதம் முழுதும் காரைத் தொழிற்சாலையின் பின்பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வந்தீர்கள், யாரிடமும் சொல்லவில்லை, பிறகுதான் தெரிய வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உறவைக் காப்பாற்றத்தான் மறைத்தீர்கள். ஆனால் அனபெல் ராபர்ட்ஸ், எம்மா லெவைன், ஓவுல் செசர் மூவரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன. ஒருவர் தன் வெற்றியை மறைத்தது தெரிய வந்தால், நெருக்கமானவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொள்வதில்லை. 'இவனால் தாங்க முடியாது என்று நினைத்துவிட்டானே' என்று அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். இனி முன்வாசலிலேயே நிறுத்துங்கள்.

அங்பாவ் பேச்சு வேறு. கொள்முதல் பிரிவில் இருப்பவரைப் பார்த்து அப்படிச் சொல்வது வேடிக்கையாகத் தொடங்கினாலும் வேடிக்கையாக முடியாது. மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஊழியர் செய்யும் லஞ்சத்துக்கு நிறுவனமே பதில் சொல்ல வேண்டிய நிலை அதனால் வந்திருக்கிறது. எனவே எந்த நிர்வாகமும் இந்த மாதிரிப் பேச்சைக் காதில் வாங்காமல் விடாது. அது மேலே போய்ச் சேர்வதற்குள் நீங்களே உங்கள் மேலதிகாரியிடம் போங்கள். வாடகைக் கொள்முதல் கடன் பத்திரம், முன்பணம் எந்தச் சேமிப்பிலிருந்து வந்தது என்ற வங்கிக் கணக்கு இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, "இப்படி ஒரு பேச்சு ஓடுது, நீங்க என்கிட்டயிருந்தே தெரிஞ்சிக்கிறது நல்லது" என்று சொல்லுங்கள். கிண்டல் செய்பவரிடம் தனியாக, குரலை உயர்த்தாமல், "சப்ளையர் பேரை இழுக்காத, அது என் வேலைக்கு ஆபத்து" என்று ஒரு முறை சொன்னால் போதும். மறுபடி சொன்னால் தேதி போட்டுக் குறித்துவைத்து மனிதவளப் பிரிவுக்கு எழுதுங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் நல்ல பெயருக்காகச் சிரித்து மழுப்பாதீர்கள்.

மற்றபடி "எவ்வளவு?" என்று கேட்பவர்களிடம் என்ன சொல்வது? உண்மையை, சுருக்கமாக. "லோன்ல எடுத்தேன், ரொம்ப நாள் ஆசை." விலையைக் குறைத்துச் சொல்ல வேண்டாம், இணையத்தில் தேடினால் தெரிந்துவிடும். இன்னொன்றையும் தவிர்க்க வேண்டும்: "ஏன் கேக்குறீங்க, செலவு தாங்க முடியல, ரோட் டெக்ஸ் கட்டியே அழிஞ்சிடுவேன் போல" என்கிற புலம்பல். செசரும் வேறு இரு ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், புலம்பல் வடிவில் பெருமை பேசுபவரை நேரடியாகப் பெருமை பேசுபவரைவிடவும் மக்களுக்குப் பிடிக்கவில்லை. அதோடு, அந்தப் புலம்பல் உண்மையும் இல்லை. உங்களுடையது 1,988 சிசி இன்ஜின் என்றால் தீபகற்ப மலேசியாவில் ஆண்டுச் சாலை வரி 374 வெள்ளி (ரிங்கிட்). 2,487 சிசி கொண்ட ஒரு சாதாரண டொயோட்டா கேம்ரிக்கு 867 வெள்ளி. இது தெரிந்தவர் ஒருவர் உங்கள் ஆபீசில் கட்டாயம் இருப்பார்.

பணம் கேட்பவர்கள் பற்றி. கார் வாங்கிய பிறகு கோயிலுக்கு வழக்கத்தைவிட இரு மடங்கு கொடுத்திருக்கிறீர்கள், நாசி கண்டார் கடையில் எல்லாருக்கும் நீங்களே கட்டுகிறீர்கள், தூரத்து உறவுக்குக் கைமாற்று கொடுத்திருக்கிறீர்கள். நெதர்லாந்தின் தில்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் இதையே சோதித்துப் பார்த்தார்கள். பிறர் வன்மத்தோடு பொறாமைப்படுவார்கள் என்று அஞ்சுபவர்கள், அந்த அச்சத்தாலேயே அவர்களுக்கு அதிகம் உதவுகிறார்கள். நீங்கள் கொடுப்பதும் அந்த ரகம்தான் என்று படுகிறது. மனமுவந்து கொடுப்பது நல்லது, திருஷ்டிக்குக் கப்பம் கட்டுவது போலக் கொடுப்பது வேண்டாம். கார் வருவதற்கு முன் கொடுத்த அளவுக்கே திரும்புங்கள். கூடுதலாகக் கேட்டால், "வருஷா வருஷம் கொடுக்கிறதைக் கொடுத்திடுறேன்" என்று முடித்துக்கொள்ளுங்கள். ஜாமீன் கையெழுத்துக் கேட்டால் இன்னும் கவனம். உறவினரின் சொந்தக் கார், வீடு, படிப்புக் கடனுக்கு லாபம் கருதாமல் ஜாமீன் நிற்பவரைத் திவாலாக்க முடியாது என்று 2017-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் கடன் பொறுப்பு அப்படியே உங்கள் தலையில் இருக்கும்.

ஓட்டிப் பார்க்கக் கேட்பவர்களிடம் சாவியைக் கொடுக்காதீர்கள், பக்கத்து இருக்கையைக் கொடுங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டி இடித்தால் வழக்கமாக முதல் 400 வெள்ளி உங்கள் கையிலிருந்து போகும். அதுகூடப் பரவாயில்லை, ஒரு நட்பு முறிந்துபோகும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தவர் மைத்துனர். வயது 26, சம்பளம் உங்களுடையதில் பாதிகூட இல்லை என்கிறீர்கள். அவருக்கு உங்கள் மேல் வன்மம் இல்லை. உங்களைப் போல ஆக வேண்டும் என்ற ஆசை. அண்ணன் தம்பியைக்கூடப் பிரித்துப்போடும் வன்மத்தைவிட இந்த ஆசைதான் சில வீடுகளில் அதிகச் சேதம் செய்கிறது. நெதர்லாந்தில் அஞ்சல் குறியீட்டை வைத்து ஒரு லாட்டரி நடக்கிறது. பரிசு விழும் தெருவில் சீட்டு வாங்கியவர்களுக்கு பணத்தோடு புது பிஎம்டபிள்யூ காரும் கிடைக்கும். பரிசு கிடைக்காத பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று 2011-இல் வெளியான பொருளியல் ஆய்வு பார்த்தது. அவர்களும் கார் வாங்கினார்கள், மற்ற இடங்களில் இருப்பவர்களைவிட அதிகமாக.

அவருக்கு அறிவுரை சொல்லாதீர்கள். போர்ஷேவில் வந்து இறங்கிய மாமா 'உனக்கு எதுக்குடா' என்றால் எந்த இளைஞனுக்கும் கசக்கும். உங்கள் கணக்கு நோட்டைத் திறந்து காட்டுங்கள். தவணை, காப்புறுதி, நான்கு டயரின் விலை, சர்வீஸ் பில் எல்லாம். பிறகு அவருடைய கணக்கை அவரையே போடச் சொல்லுங்கள். கார்க் கடன் அதிகபட்சம் ஒன்பது ஆண்டு. மாதம் 2,300 வெள்ளி என்று வைத்தால் 108 மாதத்தில் 2,48,400 வெள்ளி. கட்டி முடிக்கும்போது அவருக்கு 35 வயது. நடுவில் கல்யாணம், வீட்டுக்கு முன்பணம் இரண்டும் வரும். நீங்கள் அவர் வயதில் என்ன ஓட்டினீர்கள், இந்த வண்டிக்கு எத்தனை வருடம் காத்திருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஒருவர் உழைத்துத்தான் பெற்றார் என்று கண்ணால் பார்த்தால், ஏக்கம் வன்மமாக மாறுவது குறைகிறது என்பதையும் தில்பர்க் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

கடைசியாகக் கீறல். யார் என்று ஊகிக்காதீர்கள், குறிப்பாகப் பக்கத்து வீட்டுக்காரரை. படம் எடுத்து, போலீஸ் புகார் செய்து வையுங்கள். முழுக் காப்புறுதியில் பிறர் வேண்டுமென்றே செய்த சேதத்துக்கும் இடம் உண்டு, ஆனால் கோரிக்கை வைத்தால், கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் என்சிடி கழிவு பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். பிரீமியம் 8,000 வெள்ளி, உங்களுக்கு 55 விழுக்காடு கழிவு என்று வைத்துக்கொள்ளுங்கள்: இப்போது கட்டுவது 3,600. கோரினால் அடுத்த ஆண்டு முழு 8,000. பிறகு 25, 30, 38.33, 45 என்று ஏறி மறுபடி 55-ஐத் தொடுவதற்குள் கூடுதலாகப் பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் கட்டியிருப்பீர்கள். ஒரு கதவுக்குப் பெயின்ட் அடிக்க எவ்வளவு என்று இரண்டு பட்டறையில் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்யும் டேஷ்கேம் ஒன்றையும் அப்போதே பொருத்தச் சொல்லிவிடுங்கள்.