பயனியர் விண்கலங்களின் வேகம் கணக்கை மீறிக் குறைந்தது ஏன்? புது ஈர்ப்புக் கோட்பாடு தேவையா?

பயனியர் விஷயத்துக்கு மட்டும் என்றால் தேவையில்லை. விடை 2012-லேயே கிடைத்துவிட்டது. யூடியூபில் இன்னும் 'தீராத மர்மம்' என்று ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், அது வேறு கதை.

1972, 1973-ல் கிளம்பி சூரியனை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்த நாசாவின் பயனியர் 10, 11 இரண்டையும் சூரியன் பக்கமாக ஏதோ லேசாக இழுத்தது. ஒரு வருடம் முழுக்கச் சேர்த்தாலும் வேகத்தில் நொடிக்கு 3 சென்டிமீட்டர்கூடக் குறையவில்லை. ஜான் ஆண்டர்சன் குழு இதை 1998-ல் வெளியிட்டது. பயனியர்கள் பம்பரம்போல் சுழன்றே நிலையாக நின்றதால் உந்துபொறியை அடிக்கடி இயக்கத் தேவையில்லை. அதனால்தான் இவ்வளவு சிறிய மாற்றமும் தெரிந்தது. நிலையாக நிற்க உந்துபொறியை அடிக்கடி இயக்கும் வாயேஜர் விண்கலங்களில் இந்த மாற்றம் அந்த உந்தல்களுக்குள் கலந்து தெரியாமலே போயிருக்கும்.

முடுக்கம் மிகச் சிறியதாக இருக்கும் இடத்தில் நியூட்டன் விதி மாறும் என்று மில்க்ரோம் என்ற இயற்பியலாளர் 1983-லேயே சொல்லியிருந்தார். அந்த மாதிரிக் கோட்பாடுகளோடு பயனியரை முடிச்சுப்போட ஆசைப்பட்டவர்கள் நிறைய. ஆனால் ஈர்ப்பே மாறியிருந்தால் யுரேனஸையும் நெப்டியூனையும் மட்டும் சும்மா விட்டிருக்குமா? அவற்றின் பாதையில் அப்படி ஓர் இழுப்பு இல்லை.

காரணம் கலத்தின் சொந்தச் சூடுதான். அதன் புளூட்டோனிய மின்கலம் 2,000 வாட்டுக்கும் மேல் வெப்பம் கக்கியது. வெப்பக் கதிரும் ஒளிதான், வெளியேறும்போது கலத்தை எதிர்ப்பக்கம் தள்ளும். ஆன்டெனாத் தட்டு எப்போதும் பூமியைப் பார்த்தபடி இருக்கும்; அவ்வளவு தூரத்திலிருந்து பூமியும் சூரியனும் ஏறக்குறைய ஒரே பக்கம்தான். அதன் முதுகில் பட்ட வெப்பம் சூரியனுக்கு எதிர்த்திசையில் திரும்பிப் போனது, கலம் சூரியன் பக்கம் தள்ளப்பட்டது. சுமார் 250 கிலோ எடைக்கு 65 வாட் வெப்பம் ஒரே பக்கம் போனாலே கணக்கு நேராகிவிடும். நாசா விஞ்ஞானி துரிஷேவின் குழு பழைய காந்த நாடாப் பதிவுகளையெல்லாம் தேடிப்பிடித்து, கலத்தின் வெப்பநிலை அளவுகளை வைத்து இதைக் காட்டியது. சூடு ஆற ஆற இழுப்பும் குறைந்துகொண்டே வந்தது.

விதியையே மாற்ற வேண்டி வந்ததும் உண்டு. புதன் கோளின் பாதை நியூட்டன் கணக்கோடு ஒத்துப்போகாமல் நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு ஒரு விகலை) உதைத்தது. லெவெரியே என்ற பிரெஞ்சு வானியலாளர் அதற்காக வல்கன் என்று ஒரு கோளையே கற்பித்தார், கடைசியில் 1915-ல் ஐன்ஸ்டீன் புது ஈர்ப்புக் கோட்பாட்டோடு வர வேண்டியிருந்தது.

இன்றைக்கு நிஜமாகவே தொங்கலில் இருப்பது வேறு ஒன்று. 1998-ல் நியர் விண்கலம் பூமியை ஒட்டிக் கடந்தபோது கணக்கைவிட நொடிக்கு 13 மில்லிமீட்டர் வேகம் கூடுதலாக வந்தது. 2005-ல் ரொசெட்டா விண்கலத்துக்கும் கொஞ்சம். அப்புறம் 2007, 2009-ல் அதே ரொசெட்டா வந்தபோது ஒன்றுமில்லை. 2013-ல் ஜூனோ விண்கலத்துக்கும் இல்லை. ஆள் பார்த்து வேலை செய்யும் ஈர்ப்பை நம்புவதைவிட, பாதைக் கணக்கில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்றுதான் நான் சந்தேகப்படுவேன்.