முதல் பாதியை ஆறுதலாக ஓடுங்கள்: மரதன் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எவ்வளவு வேகமாக ஓடலாம்? எவ்வளவு ஆறுதலாகத் தொடங்கலாம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால் முதலாவது பதில் கொஞ்சம் நீளம்.

அரை மரதனை 2 மணி 15 நிமிடத்தில் முடித்தேன். அப்படியென்றால் முழு மரதனை நாலரை மணித்தியாலத்தில் ஓடலாம்தானே? (வங்கி ஊழியர், கொக்குவில்)

வங்கியில் இரண்டால் பெருக்கலாம். காலுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. நாலரை மணித்தியாலம் என்றால் கிலோமீற்றருக்கு 6 நிமிடம் 24 செக்கன். நீங்கள் அரை மரதனை ஓடியதும் அதே வேகத்தில்தான். முடிவுக்கோட்டில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பீர்களே, அந்த இடத்திலிருந்து அதே ஓட்டத்தை இன்னொரு தடவை ஓட வேண்டும். தூரம் இரட்டிக்கும்போது வேகம் குறையும் என்பதையும் சேர்த்துப் போடும் வழக்கமான கணக்கில் உங்களுக்கு 4 மணி 40 நிமிடம் அளவில் வரும். அதுவும் நீண்ட பயிற்சி ஓட்டங்களைத் தவறவிடாதவருக்கு. முதல் மரதன், அதோடு எங்கள் வெக்கை. 4 மணி 50 நிமிடத்தை இலக்காக வையுங்கள்.

அதை இப்படிப் பிரிக்கலாம். முதல் 5 கிலோமீற்றரை 7 நிமிடம் 5 செக்கன் வீதம் ஓடுங்கள். எல்லாரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். அப்புறம் 30 வரை 6 நிமிடம் 52 செக்கன். மிச்சம் 12 கிலோமீற்றருக்கு 6 நிமிடம் 48 செக்கன் போதும், 4:50 இல் முடித்துவிடலாம். 30 இல் காலில் சக்தி மிஞ்சியிருந்தால் அங்கே வேகத்தைக் கூட்டுங்கள், அதற்கு முதல் வேண்டாம்.

ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் மாச்சத்து 42.195 கிலோமீற்றருக்குக் காணாது. வேகம் கூடினால் உடம்பு கொழுப்பைக் குறைவாகவும் மாச்சத்தைக் கூடுதலாகவும் எரிக்கும். முதல் பத்தில் மிச்சம் பிடித்த ஐந்து நிமிடத்துக்கு 32 ஆவது கிலோமீற்றரில் இருபது நிமிடம் வட்டி கட்ட வேண்டிவரும். 2023 இல் சிக்காகோவில் கென்ய ஓட்ட வீரர் கெல்வின் கிப்டம் 2 மணி 35 செக்கனில் உலக சாதனை படைத்தபோது முதல் பாதிக்கு எடுத்தது 60 நிமிடம் 48 செக்கன், இரண்டாம் பாதிக்கு 59 நிமிடம் 47 செக்கன். அவரே முதல் பாதியில் பொறுத்துத்தான் ஓடினார்.

என் முதல் மரதனில் நான் பொறுக்கவில்லை. 33 ஆவது கிலோமீற்றரில் றோட்டோரக் கல்லில் குந்திவிட்டேன். வழியால் போன ஒரு அம்மா கிட்ட வந்து, "தம்பி, பஸ்ஸுக்குக் காசில்லையோ?" என்று கேட்டார். காசும் இல்லைத்தான்.

போட்டிக்கு முதல் ஒரு தடவையாவது 42 கிலோமீற்றர் ஓடிப் பார்க்க வேண்டாமா? (பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி)

வேண்டாம். 30, கூடினால் 32. மூன்றரை மணித்தியாலம் ஆகிவிட்டால் 28 இலேயே நிறுத்துங்கள். அந்த ஓட்டம் போட்டிக்கு மூன்று கிழமை முன்னர் முடிந்திருக்க வேண்டும். அதன்பின் ஓடும் நாட்களை அப்படியே வைத்துக்கொண்டு தூரத்தை மட்டும் கிழமைக்குக் கிழமை குறையுங்கள். கடைசிக் கிழமையில் கால் துருதுருக்கும், இல்லாத நோவெல்லாம் தெரியும். பேசாமல் இருங்கள்.

ஐந்து மணிக்கு இருட்டில் ஓடப் பயம். நாய்களும் துரத்துகின்றன. பின்னேரம் ஓடலாமா? (ஆசிரியை, சுன்னாகம்)

ஓடலாம், தங்கச்சி. ஆனால் பின்னேரம் தார் றோட்டு பகல் முழுதும் குடித்த வெயிலைத் திருப்பித் தரும். காலையில் ஓடும் வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். மூச்சு வாங்காமல் கதைக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். போட்டி காலையில்தான் நடக்கும் என்பதால் சனி, ஞாயிறில் ஒரு நாளாவது இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து விடியவே போங்கள். யாழ்ப்பாணம் பண்ணைக் கடற்கரைப் பக்கம் அந்த நேரத்தில் நடப்பவர்கள் இருப்பார்கள், தனியாக இருப்பது போலத் தெரியாது.

நாய் வந்தால் ஓடாதீர்கள். ஓடினால்தான் அதற்கு விளையாட்டு. நின்று, நேரே கண்ணைப் பார்க்காமல், மெல்ல நடந்து கடந்து போங்கள். கடித்துவிட்டால், கீறல்தானே என்று விடாமல் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்க்கடி வந்தபின் மருந்தில்லை.

நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறேன். இங்கே எளிதாக ஓடும் வேகம் அங்கே முடியவில்லை. பயிற்சி கெட்டுவிட்டதா? (டொரொன்டோ)

கெடவில்லை. வெக்கையில் உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் போக வேண்டும், தசைக்கும் போக வேண்டும். அதனால் இதயம் கூடுதலாக அடிக்கும். பழக 10 முதல் 14 நாள் வரை எடுக்கும். வந்த முதல் கிழமை மணிக்கூட்டை அறையிலேயே விட்டுவிட்டு ஓடுங்கள். திரும்பிப் போனதும் அங்குள்ள குளிரில் கொஞ்ச நாளைக்குப் பறப்பீர்கள்.

கண்டியில் ஒரு ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இங்கே பயிற்சிக்கு ஒரு மேடுகூட இல்லையே? (காரைநகர்)

மேடு இல்லை, சோளகக் காற்று இருக்கிறது! காரைநகர்ப் பாலத்தில் எதிர்க்காற்றில் ஓடுவது எங்கள் மலையேற்றம். வேகத்தைப் பார்க்காமல் அதே முயற்சியோடு ஓடுங்கள். போகும்போது காற்றுக்கு எதிரே, வரும்போது காற்றோடு வருகிற மாதிரி வழியை வையுங்கள். ஆனால் பின்காற்றில் வியர்வை காயாது, உடம்பு சட்டென்று சூடாகும், கவனம். இறக்கத்தில் ஓடுவதற்கு மட்டும் காற்று உதவாது. அதற்குத் தொடைத்தசை வேண்டும். கிழமைக்கு இரண்டு நாள் படி ஏறி இறங்குங்கள், குந்தி எழும்புங்கள்.

ஓடும்போது சாப்பிடும் ஜெல் (பைக்கற்றில் வரும் மாச்சத்துப் பசை) கட்டாயமா? முதல் நாள் இரவு என்ன சாப்பிடலாம்? (கோப்பாய்)

கட்டாயமில்லை. மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்து உள்ளே போக வேண்டும், அது எதில் வந்தாலும் சரி. பனங்கட்டி கிட்டத்தட்ட முழுவதும் சர்க்கரைதான். சின்னத் துண்டுகளாக உடைத்துப் பையில் வைத்து, அரை மணிக்கு 20 கிராம் அளவில் தண்ணீரோடு எடுங்கள். பேரீச்சம்பழம், கப்பல் வாழைப்பழமும் நல்லது. பசி வரும்வரை பார்த்திருக்கக் கூடாது. நீண்ட பயிற்சி ஓட்டங்களில் வயிற்றைப் பழக்காமல் போட்டியன்று புதிதாக ஒன்றும் வேண்டாம்.

இரவுக்கு வெள்ளை இடியப்பமும் சொதியும், அல்லது சோறும் உறைப்பில்லாத ஒரு கறியும். குரக்கன் புட்டு, ஒடியல் பிட்டு எல்லாம் நார்ச்சத்து கூடியவை, விடிய வேலி தேட வைக்கும். கூழ் காய்ச்சுவதை முடித்து வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

தாகம் எடுக்காவிட்டாலும் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்களே? (மானிப்பாய்)

அந்தப் பேச்சை நம்பாதீர்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலையிடி, சத்தி, மயக்கம் வரை போகலாம். உயிரே போனதும் உண்டு. நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் தராசில் ஏறிப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் வியர்த்திருக்கிறது. நிறை கூடியிருந்தால் கூடக் குடித்துவிட்டீர்கள். தாகத்துக்குக் குடியுங்கள். ஓட்டம் முடிந்தபின் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) கரைப்பதென்றால் பைக்கற்றில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள். ஓட முதல் நோவுக் குளிசை போடாதீர்கள், உடம்பு வறண்டிருக்கையில் சில குளிசைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வயது 58. பிறஷரும் சீனி வருத்தமும் உண்டு. ஓடலாமா? (சாவகச்சேரி)

ஐயா, முதலில் உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். மருந்து எடுக்கும் நேரம், சீனி இறங்கினால் செய்ய வேண்டியது எல்லாவற்றையும் அவரே சொல்ல வேண்டும், நான் இல்லை. அவர் சரி என்றால் இந்த வருடம் 10 கிலோமீற்றர். ஓடும்போது நெஞ்சு இறுக்கினால் அந்த இடத்திலேயே நில்லுங்கள்.

நீண்ட ஓட்டம் முடிந்து பார்த்தால் பெனியனில் இரத்தம். என்ன செய்வது? (பருத்தித்துறை)

வியர்வையில் நனைந்த பருத்தித் துணி உரசுவதால் வருவது. மார்புக் காம்பில் பிளாஸ்டர் ஒட்டுங்கள், தொடை இடுக்கிலும் கக்கத்திலும் வாசலின் பூசுங்கள், பெனியனை மாற்றுங்கள். வேறு எங்கெல்லாம் உரசியிருக்கிறது என்பது குளிக்கும்போதுதான் தெரியும். அன்றைக்குக் கடலில் மட்டும் இறங்காதீர்கள்.