அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2022ல் ஆளுநர் தேர்தலை அள்ளிய குடியரசுக் கட்சி, அதே வருடம் செனட் தேர்தலைக் கோட்டை விட்டது எப்படி?

அட்லாண்டாவின் வடக்குப் புறநகரில் இருக்கிறேன். குடியுரிமை வாங்கியபின் நான் போட்ட முதல் ஓட்டு இந்தத் தேர்தலில்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல் குழப்பம். நம்மூர்ச் செய்திகளில் இதைச் சில நேரம் 'இடைத்தேர்தல்' என்று போட்டுவிடுகிறார்கள். இடைத்தேர்தல் என்றால் ஒரு இடம் காலியாகி, அதை நிரப்ப நடப்பது. இது இடைக்காலத் தேர்தல். அதிபரின் நான்கு வருடப் பதவிக்காலத்துக்கு நடுவே வருவது. அதிபர் பெயர் சீட்டில் இருக்காது, மற்றபடி கிட்டத்தட்ட எல்லாரும் இருப்பார்கள்.

எவ்வளவு பேர் என்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன். நூலகத்தில் முன்கூட்டியே ஓட்டுப் போடும் வசதி இருந்தது. தொடுதிரை முன்னால் நின்றால் செனட் (நாடாளுமன்ற மேலவை), ஆளுநர், துணை ஆளுநர், மாநிலச் செயலர், அட்டர்னி ஜெனரல், வேளாண் ஆணையர், காப்பீட்டு ஆணையர், பள்ளிக் கண்காணிப்பாளர், தொழிலாளர் ஆணையர் என்று வந்துகொண்டே இருக்கிறது. அப்புறம் நாடாளுமன்றக் கீழவை, மாநில மேலவை, மாநிலக் கீழவை. கடைசியில் அரசியல் சாசனத் திருத்தங்கள் வேறு. குற்றச்சாட்டு பதிவாகி இடைநீக்கம் ஆன பதவியாளருக்குச் சம்பளம் நிறுத்தலாமா என்று ஒரு கேள்வி இருந்தது. அதற்கு மட்டும் கட்சி வித்தியாசம் இல்லாமல் ஊரே 'நிறுத்து' என்றது!

ஒரே தட்டில் கட்சிக்கு மொத்தமாகப் போட்டுவிட்டு நடையைக் கட்டும் வசதி ஜார்ஜியாவில் கிடையாது. ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாக விரல் வைக்க வேண்டும். முடித்ததும் இயந்திரம் ஒரு தாளை அச்சடித்துத் தரும். நாம் தேர்ந்தெடுத்த பெயர்கள் அதில் வரிசையாக இருக்கும். படித்துப் பார்த்து ஸ்கேனருக்குள் விட வேண்டும். கையில் மைக்குப் பதிலாக பீச் பழம் போட்ட ஸ்டிக்கர். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இந்தத் தாளில்தான் இருக்கிறது. ஆளுநருக்கு ஒரு கட்சி, செனட்டுக்கு இன்னொரு கட்சி என்று போட வேண்டுமானால் விரலைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும்.

எண்களைப் பார்த்துவிடுவோம். நவம்பர் 8 அன்று குடியரசுக் கட்சி ஆளுநர் பிரையன் கெம்ப் 53.4 சதவீதம் வாங்கினார். ஜனநாயகக் கட்சியின் ஸ்டேசி ஏப்ரம்ஸ் 45.9. இதே இருவர் 2018ல் மோதியபோது வித்தியாசம் சுமார் 55 ஆயிரம் ஓட்டு, இந்த முறை கிட்டத்தட்ட 3 லட்சம். செனட்டில் ஜனநாயகக் கட்சியின் ரஃபயேல் வார்னாக் 49.4, குடியரசுக் கட்சியின் ஹெர்ஷல் வாக்கர் 48.5, லிபர்டேரியன் கட்சியின் சேஸ் ஆலிவர் 2.1.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கெம்பைவிட வாக்கருக்கு 2 லட்சத்துக்கு மேல் குறைவு. ஏப்ரம்ஸைவிட வார்னாக்குக்கு ஏறக்குறைய 1 லட்சத்து 32 ஆயிரம் கூடுதல். கெம்புக்குப் போட்டுவிட்டு வார்னாக்குக்கு நகர்ந்தவர்கள், ஆலிவர் பக்கம் ஒதுங்கியவர்கள், செனட் கட்டத்தையே காலியாக விட்டவர்கள் எல்லாரும் இந்த இடைவெளிக்குள் இருக்கிறார்கள்.

என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இருக்கிறார். பரம்பரையாகக் குடியரசுக் கட்சி. புல்வெளியில் கெம்ப் பெயர் போட்ட பலகை மட்டும் நட்டிருந்தார். வாக்கர் பலகை இல்லை. நாயை நடத்திப் போகும்போது ஒருநாள் கேட்டேவிட்டேன். "பந்து ஆட ஆள் எடுத்தால் இன்றைக்கும் என் ஓட்டு ஹெர்ஷலுக்குத்தான்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தேர்தலைப் பற்றி நான் படித்த எத்தனையோ அலசல்களில் இவ்வளவு கச்சிதமாக யாரும் சொல்லவில்லை.

வாக்கர் யார் என்று தெரியாதவர்களுக்கு: ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து நாயகன், 1982ல் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கான உயரிய விருதான ஹைஸ்மன் கோப்பை வாங்கியவர். இந்த ஊரில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அவர் சாமி மாதிரி. ஆனால் பல வருடங்களாக டெக்சஸில் குடியிருந்தார். டிரம்ப் ஆதரவோடு வேட்பாளர் ஆனார். கருக்கலைப்புக்கு முழுத் தடை வேண்டும் என்று பேசியவர்மேல், கருக்கலைப்புக்குப் பணம் கொடுத்தார், வற்புறுத்தினார் என்று இரண்டு பெண்கள் குற்றம்சாட்டினார்கள். அவர் மறுத்தார். சவான்னாவில் நடந்த விவாதத்தில் பையிலிருந்து ஒரு போலீஸ் பேட்ஜை எடுத்துக் காட்டி, நெறியாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பிரசார மேடையில் ஒருமுறை இரத்தக்காட்டேரி பெரிதா, ஓநாய் மனிதன் பெரிதா என்று பேசப் போய்விட்டார். எதிரே நின்றவரோ மார்ட்டின் லூதர் கிங் போதித்த அதே எபனேசர் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் தலைமைப் போதகர். பேச்சில் அவரை மடக்குவது லேசான காரியமில்லை.

வார்னாக்கும் சாமர்த்தியமாகத்தான் நடந்தார். அதிபர் பைடனின் பெயர் அவர் வாயில் அதிகம் வரவில்லை. மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் இருக்கும் முதியவர்களுக்கு இன்சுலின் மாதம் 35 டாலர், நெடுஞ்சாலைக்காக டெக்சஸின் குடியரசுக் கட்சி செனட்டர் டெட் குரூஸோடு சேர்ந்து வேலை செய்தது, இவைதான் திரும்பத் திரும்ப வந்தன. குரூஸ் எதிர்க்கட்சியில் கடைசி மூலையில் உட்காருபவர். அவர் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்கிறார் என்றால், யாரைக் குறிவைத்துப் பேசினார் என்று புரியும். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் மாதிரி ஆட்களைத்தான்.

இன்னொரு பக்கம் கெம்ப். 2020ல் பைடன் ஜார்ஜியாவில் ஜெயித்தது 11,779 ஓட்டில். அதை மாற்றச் சொல்லி டிரம்ப் நெருக்கியபோது கெம்பும் மாநிலச் செயலர் பிராட் ரஃபென்ஸ்பெர்கரும் மறுத்துவிட்டார்கள். பழிவாங்க டிரம்ப் முன்னாள் செனட்டர் டேவிட் பெர்டியூவைக் கெம்புக்கு எதிராக உள்கட்சித் தேர்தலில் இறக்கினார். மே 24 அன்று முடிவு: கெம்ப் 73.7, பெர்டியூ 21.8. இது தோல்விகூட இல்லை, துவைத்துக் காயப்போட்டது. ரஃபென்ஸ்பெர்கரும் டிரம்ப் ஆளான ஜோடி ஹைஸை 52 சதவீதத்தோடு முதல் சுற்றிலேயே தாண்டினார். இங்கே ஒரு விசேஷம் உண்டு. ஜார்ஜியாவில் வாக்காளர் கட்சி வாரியாகப் பதிவு செய்துகொள்வது கிடையாது. உள்கட்சித் தேர்தலில் எந்தக் கட்சியின் சீட்டை வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் சிலர் போய்க் குடியரசுக் கட்சிச் சீட்டு வாங்கி ரஃபென்ஸ்பெர்கருக்குப் போட்டார்கள். என் அலுவலகத்திலேயே ஒருவர் அப்படிச் செய்தார், பெருமையாக வேறு சொல்லிக்கொண்டார்.

அந்த மோதல் கெம்புக்கு வரமாகிவிட்டது. நடுவில் நிற்பவர்களுக்கு 'இவர் டிரம்புக்கே மசியாதவர்' என்று பட்டது. அப்புறம் ஆளுங்கட்சியின் வழக்கமான வசதிகள்: கேலனுக்கு 29 சென்ட் வந்த பெட்ரோல் வரியை நிறுத்தி வைத்தார், வரி கட்டியவர்களுக்குத் தலைக்கு 250 டாலர் திருப்பித் தந்தார், சவான்னா பக்கம் ஹியூண்டாய் மின்கார் ஆலை வருகிறது என்று அறிவித்தார். விலைவாசி எகிறிக்கொண்டிருந்த வருடத்தில் இது போதும். ஏப்ரம்ஸ் நாடறிந்த பேச்சாளர், ஆனால் வேலையில் இருக்கும் ஒருவரை மாற்ற ஒரு காரணம் வேண்டும். அது கடைசிவரை அவர் கைக்கு அகப்படவில்லை என்பது என் கருத்து. மற்ற ஏழு மாநிலப் பதவிகளும் குடியரசுக் கட்சிக்கே போயின.

கீழவையைப் பற்றிச் சுருக்கமாக. 14 இடம், குடியரசுக் கட்சிக்கும் ஜனநாயகக் கட்சிக்கும் முன்பு 8க்கு 6, இந்த முறை 9க்கு 5. தொகுதிக் கோடுகளை மாற்றி வரைந்ததன் விளைவு அது. நான் வீடு மாறவில்லை, ஆனால் ஆறாம் தொகுதியில் இருந்தவன் ஏழாம் தொகுதிக்குப் போய்விட்டேன். ஆறாம் தொகுதி உறுப்பினர் லூசி மெக்பாத்தும் தன் தொகுதி கைவிட்டுப் போவதைப் பார்த்து ஏழுக்கு வந்தார். அங்கே இருந்த சொந்தக் கட்சி உறுப்பினர் கேரலின் போர்டோவை உள்கட்சித் தேர்தலில் வீழ்த்திவிட்டு ஜெயித்தார்.

சரி, செனட்டில் வார்னாக்தானே முந்தினார், நவம்பரிலேயே முடிந்திருக்க வேண்டியதுதானே? முடியவில்லை. நம்மூரில் ஒரு ஓட்டு கூடுதலாக இருந்தால் எம்.எல்.ஏ. இங்கே பாதிக்கு மேல் வாங்க வேண்டும். யாரும் வாங்கவில்லை என்றால் முதல் இருவருக்குள் மறுபடி தேர்தல், ரன்-ஆஃப். நவம்பர் கடைசியில் மதுரையிலிருந்து அப்பா கூப்பிட்டார். "என்னடா, போன மாசந்தான் ஓட்டுப் போட்டேன்னு போட்டோ அனுப்புன. மறுபடியும் வரிசையில நிக்கிறேங்கிற. கள்ள ஓட்டா?" என்றார். விளக்கி முடிக்க இருபது நிமிடம் ஆனது.

இந்த ரன்-ஆஃபின் பிறப்பு அவ்வளவு அழகானதில்லை. கவுன்ட்டி, அதாவது மாவட்டம், வாரியாக வெற்றியைக் கணக்கிட்ட ஜார்ஜியாவின் பழைய முறையை 1963ல் உச்ச நீதிமன்றம் ஒழித்தது. அடுத்த வருடம் பெரும்பான்மை விதி வந்தது. அதற்காக முனைந்து நின்ற மேக்கன் ஊர்ச் சட்டமன்ற உறுப்பினர் டென்மார்க் குரூவரின் பயம் இதுதான்: வெள்ளையர் ஓட்டு பல பேருக்குச் சிதறி, கறுப்பர் ஓட்டு ஒருவருக்கே விழுந்தால் அவர் ஜெயித்துவிடுவாரே. தன் நோக்கத்தில் இனவாதம் இருந்ததைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். 1992ல் ஜனநாயகக் கட்சி செனட்டர் வைச் ஃபௌலர் நவம்பரில் முந்தி நின்றும் ரன்-ஆஃபில் தோற்றார். கடுப்பான அவர் கட்சி, வரம்பை 45 சதவீதமாக இறக்கியது. 1996ல் மேக்ஸ் கிளிலண்ட் 49 சதவீதம்கூட இல்லாமல் செனட்டர் ஆனது அந்தப் புண்ணியத்தில். 2005ல் குடியரசுக் கட்சி மறுபடி பாதிக்கு ஏற்றியது. ஆக வார்னாக்கின் 49.4ஐ நவம்பரில் தடுத்தது அவர்கள் ஏற்றி வைத்த வரம்பு.

இதில் வார்னாக்குக்கு நல்ல பழக்கம் வேறு. 2020ல் அவர் முதலில் நின்றது நிஜமாகவே நம் பொருளில் ஒரு இடைத்தேர்தல். உடல்நலக் குறைவால் செனட்டர் ஜானி ஐசக்சன் விலகிய இடம் அது. 2021 ஜனவரி ரன்-ஆஃபில் கெல்லி லோஃப்லரைத் தோற்கடித்தார். மிச்சமிருந்த பதவிக்காலம்தான் கிடைத்தது என்பதால் 2022ல் திரும்பவும் நிற்க வேண்டி வந்தது. உள்கட்சித் தேர்தலைக் கழித்தாலும் ஒரே பதவிக்கு இரண்டு வருடச் சொச்சத்தில் நான்கு முறை அவர் பெயருக்கு மக்கள் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்.

2021ல் வந்த புதிய சட்டம் ரன்-ஆஃபுக்கான இடைவெளியை ஒன்பது வாரத்திலிருந்து நான்காகச் சுருக்கியது. நடுவில் நன்றி நவில்தல் விடுமுறை. மறுநாள் வெள்ளியும் மாநில விடுமுறை, ஒரு காலத்தில் உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் தளபதியாக இருந்த ராபர்ட் லீயின் பிறந்தநாளுக்காக விட்டது. விடுமுறையை ஒட்டிய சனிக்கிழமை ஓட்டுப்பதிவு கூடாது என்றார் மாநிலச் செயலர். வார்னாக் தரப்பு வழக்குப் போட்டு ஜெயித்தது. அதனால் நவம்பர் 26 அன்று விரும்பிய கவுன்ட்டிகள் மட்டும் திறந்தன. மிச்சமிருந்த வான்கோழியை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு நானும் மனைவியும் போனோம். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக நின்றோம். வரிசையில் நிற்பவருக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தால் குற்றம் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. அதனால் டப்பாவைத் திறந்தபோது பின்னால் நின்ற பெண்ணிடம் ஒரு துண்டு நீட்டலாமா கூடாதா என்று எனக்கு உண்மையாகவே சந்தேகம் வந்தது. நீட்டவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அதற்கடுத்த வாரம் ஒரே நாளில் 3 லட்சத்துக்கு மேல் முன்கூட்டியே ஓட்டுப் போட்டார்கள். நவம்பரில் வாக்கரிடமிருந்து தள்ளியே நின்ற கெம்ப் இப்போது அவரோடு மேடை ஏறினார். ஆனால் சீட்டில் கெம்ப் பெயர் இல்லை. முன்பு அவருக்காக வந்தவர்கள், வந்ததுதான் வந்தோம் என்று வாக்கருக்கும் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். வாக்கர் ஒருவருக்காக மட்டும் மெனக்கெட்டு வர ஆள் போதவில்லை. அப்போது துணை ஆளுநராக இருந்த ஜெஃப் டங்கன், அவரும் அப்போது குடியரசுக் கட்சிதான், ஒரு மணி நேரம் வரிசையில் நின்று உள்ளே போய், இருவருக்குமே போடாமல் வெளியே வந்ததாகத் தொலைக்காட்சியில் சொன்னார்.

டிசம்பர் 6 முடிவு: வார்னாக் 51.4, வாக்கர் 48.6. நவம்பரில் சுமார் 37 ஆயிரமாக இருந்த முன்னிலை 99 ஆயிரத்தைத் தாண்டியது. ஜார்ஜியா அனுப்பிய முதல் கறுப்பின செனட்டருக்கு இப்போதுதான் முழு ஆறு வருடம் கிடைத்தது. செனட்டில் ஜனநாயகக் கட்சிக்கு 51 இடம். மூன்றே நாளில் அரிசோனாவின் கிர்ஸ்டன் சினிமா 'நான் இனி சுயேச்சை' என்று அறிவித்தது தனிக் கூத்து.

இந்த ஒரு இடத்துக்கு இரண்டு தரப்பும் சேர்ந்து கொட்டியது 40 கோடி டாலருக்கு மேல். அதில் என் பங்காகத் தபால்பெட்டியில் வந்த வழவழ அட்டைகளைப் பின்பக்கம் படம் வரைய மகளிடம் கொடுத்தேன். கிரேயான் ஒட்டவே இல்லை, திருப்பிக் கொடுத்துவிட்டாள். தேர்தலுக்கு மறுநாள் காலை போனில் ஒரு குறுஞ்செய்திகூட இல்லை. ரிப்பேரோ என்று மனைவியை ஒருமுறை அடிக்கச் சொல்லிப் பார்த்தேன். அடித்தது. நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். இரண்டு வீடு தள்ளி, கெம்ப் பலகை இருந்த இடத்தில் கம்பி வைத்துப் பெரியவர் கிறிஸ்துமஸ் மான் ஒன்றை நட்டுக்கொண்டிருந்தார்.