"தட்டுல ஒரு பருக்கை இருக்கக் கூடாது!": சின்ன வயது சாப்பாட்டுக் கண்டிப்பு பற்றிக் கேள்வி பதில்

வண்ணாரப்பேட்டையில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். சர்க்கரை, எடை என்று வருகிறவர்களிடம் சின்ன வயதில் வீட்டில் எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று கட்டாயம் கேட்பேன். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும். இந்த முறை அதைப் பற்றியே கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (தண்டையார்பேட்டை, வயது 31): அக்கா, வயிறு நிறைந்துவிட்டது என்று தெரிந்தாலும் தட்டு காலியாகாமல் எழுந்திருக்க முடியவில்லை. என் பெண் மீதி வைத்தால் அதையும் நானே சாப்பிட்டுவிடுகிறேன். சின்ன வயதில் ஒரு பருக்கை விட்டாலும் ஆயாவிடம் அடி விழும். இப்போது சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்கிறார்கள்.

பதில்: தம்பி, ஆயா மேல் கோபப்படாதீர்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்த காலம் அப்படி. 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. அறுபதுகளிலும் அரிசிப் பஞ்சம். 1967-ல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியபோது ஜனங்கள் எப்படிக் கொண்டாடினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அப்படி வரிசையில் நின்று வாங்கிய அரிசியில் ஒரு பருக்கை வீணானாலும் ஆயாவுக்கு நெஞ்சு பதறத்தான் செய்யும். 2011-லிருந்து ரேஷனில் அரிசி இலவசம். அரிசி நிலைமை மாறிவிட்டது, கண்டிப்பு மட்டும் அப்படியே நம் கையில் இருக்கிறது.

அதனால் உடம்பில் என்ன ஆகிறது என்று சொல்கிறேன். அமெரிக்காவில் லியான் பிர்ச் என்ற ஆய்வாளர் 1987-ல் சின்னக் குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு குழுவிடம் பசி, வயிறு நிறைவது பற்றிப் பேசினார்கள். இன்னொரு குழுவிடம் தட்டில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று பேசினார்கள், முடித்தால் பரிசும் கொடுத்தார்கள். முதல் குழு, முன்னால் கனமாக எதையாவது சாப்பிட்டிருந்தால் அடுத்துக் குறைத்துக்கொண்டது. இரண்டாவது குழுவுக்கு அந்தக் கணக்கு வரவில்லை. 2000-ல் வந்த இன்னொரு ஆய்வில், தட்டில் எவ்வளவு போட்டாலும் மூன்று வயதுப் பிள்ளைகள் தங்கள் அளவுக்குத்தான் சாப்பிட்டன. ஐந்து வயதுப் பிள்ளைகள் அதிகம் போட்டால் அதிகம் சாப்பிட்டன. வயிறு சொல்வதைக் கேட்கும் குணம் பிறவியிலேயே இருக்கிறது. அதை நாம்தான் மறக்கடிக்கிறோம்.

31 வயதில் அந்தப் பழக்கத்தோடு சண்டை போடாதீர்கள், போடுகிற இடத்தில் மாற்றுங்கள். வழக்கமாகப் போடும் சோற்றில் பாதியைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். தட்டை வழித்தே சாப்பிடுங்கள், மனசும் ஆறும். பசித்தால் மறுசோறு. ஹோட்டலில் கொஞ்சமும் கூச்சப்படாமல் பார்சல் கட்டச் சொல்லுங்கள். பெண்ணுக்கு இரண்டு கரண்டி குறைவாகப் போட்டு, அவள் கேட்டால் போடுங்கள். குண்டானில் மிஞ்சுகிற சோற்றில் தண்ணீர் ஊற்றினால் காலையில் பழைய சோறு. வேண்டாத சோறு வயிற்றுக்குள் போனாலும் வீண்தான், கூடவே மாத்திரைச் செலவும் வரும்.

கேள்வி (ராயபுரம்): நாலு வயதுப் பையன். செல்போன் இல்லாமல் வாய் திறக்க மாட்டேன் என்கிறான். போனைக் காட்டினால் கிண்ணம் காலி. அவன் சாப்பிட்டால் போதும் என்று விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. கிண்ணம் காலியாவது உங்களுக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரிவதில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே விழுங்குகிற பிள்ளைக்கு என்ன சாப்பிட்டோம், போதுமா போதாதா என்று எதுவும் மனதில் பதியாது. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவு ஆலோசகர் ஒரு முறை சொல்லியிருக்கிறார், நான் எல்லோருக்கும் அதைத்தான் சொல்வேன்: என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் முடிவு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு.

முதலில் ஒரு வேளை மட்டும் போனை எடுத்து வையுங்கள். இரண்டு மூன்று நாள் அழுவான், குறைவாகச் சாப்பிடுவான். நடுவில் பிஸ்கட், பால் என்று கொடுத்துச் சமாளிக்காமல் அடுத்த வேளை வரை விடுங்கள். ஓடி விளையாடுகிற ஆரோக்கியமான பிள்ளை ஒரு வேளை குறைத்துச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. எடை குறைந்தாலோ சோர்ந்து கிடந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பூச்சாண்டி, போலீஸ்காரர் என்று பயம் காட்டி ஊட்டலாமா?

பதில்: கூடாது. பயந்த பிள்ளை முழுங்கும், பசித்துச் சாப்பிடக் கற்றுக்கொள்ளாது.

கேள்வி (காசிமேடு, வயது 52): எங்கள் வீட்டில் மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு அப்பாவுக்கும் அண்ணனுக்கும்தான். வால் துண்டு எனக்கு, அம்மாவுக்குக் குழம்பு மட்டும். இப்போது என் வீட்டில் நானும் அப்படியே செய்கிறேன். போன வாரம் என் பெண் தானாகவே வால் துண்டை எடுத்துக்கொண்டாள். ஏனோ மனசு கேட்கவில்லை.

பதில்: உங்கள் மனசு சரியாகத்தான் சொல்கிறது அம்மா. உங்கள் அம்மா வாய் திறந்து யாருக்கும் பாடம் நடத்தியிருக்க மாட்டார். பரிமாறிய விதத்திலேயே நீங்கள் கற்றுக்கொண்டீர்கள், உங்களைப் பார்த்து உங்கள் பெண்ணும் கற்றுக்கொண்டாள்.

என்னிடம் வரும் உங்கள் வயதுப் பெண்கள் பலர் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். எல்லோருக்கும் போட்டு முடிக்கும்போது பசி செத்துப்போயிருக்கும். குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டு, ஒட்டியிருப்பதை வழித்துப் பிசைந்து, நின்றுகொண்டே நாலு வாய். அப்புறம் சாயங்காலம் நாலு மணிக்குத் தாங்க முடியாத பசி, டீயும் பன்னும் பஜ்ஜியும். சர்க்கரை ஏறுகிறதே, நான் சோறே சாப்பிடுவதில்லையே என்பார்கள். உண்மைதான், சோற்றில் ஏறியது இல்லை. இதைவிட எனக்கு வருத்தமாக இருக்கும் விஷயம் ஒன்று உண்டு. வீட்டில் தனியாக இருக்கும் நாளில்கூட தனக்கென்று ஒரு முட்டை பொரித்துக்கொள்ள அவர்களுக்குக் கை வராது.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. அதற்குக் காரணம் பல. நல்ல துண்டு வருடக்கணக்காகத் தட்டுக்கு வராததும் அதில் ஒன்று. மாதவிடாய் வந்த பெண்ணுக்கு அண்ணன் தம்பியைவிட இரும்புச்சத்துத் தேவை அதிகம், குறைவில்லை.

குழம்பை இறக்கியதுமே, யாருக்கும் பரிமாறும் முன்னால், உங்கள் துண்டையும் மகள் துண்டையும் தனிக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். ராத்திரி ஒரு வேளையாவது எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள், அவரவர் போட்டுக்கொள்ளட்டும். வாரத்தில் ஒருநாள் நெத்திலி வாங்குங்கள். முள்ளோடு சாப்பிடுவதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும், நெத்திலிக் குழம்பில் நடுத்துண்டு, வால் துண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

கேள்வி (வியாசர்பாடி): நாங்கள் அஞ்சு பேர் அண்ணன் தம்பி. ஒரே தாம்பாளத்தில் சாப்பிட்டு வளர்ந்தோம், மெதுவாகச் சாப்பிட்டால் கறி கிடைக்காது. இப்போதும் அஞ்சு நிமிஷத்தில் முடித்துவிடுகிறேன். சாப்பிட்டதும் நெஞ்செரிச்சல்.

பதில்: வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போக சுமார் 20 நிமிஷம் ஆகும் அண்ணே. அதற்குள் நீங்கள் இரண்டு பேர் சாப்பாட்டை முடித்துவிடுகிறீர்கள். ஒரு வாய் முழுங்கிய பிறகு அடுத்த கவளத்தைப் பிசையுங்கள், வாயில் இருக்கும்போதே கையில் உருட்டி வைக்காதீர்கள். கறியைத் தனிக் கிண்ணத்தில் போட்டு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. யாரும் எடுத்துவிடப் போவதில்லை என்று கண்ணுக்குத் தெரியவேண்டும்.

கேள்வி (பெரம்பூர்): மிக்ஸரும் முறுக்கும் பரண்மேல் டப்பாவில் பூட்டி வைப்பேன். இப்போது பையனுக்கு வயது 20. சம்பளம் வாங்கிய அன்றைக்கு ஒரு கிலோ மிக்ஸர் வாங்கி வந்து தனியாகத் தின்கிறான்.

பதில்: 1999-ல் பிர்ச்சும் ஜெனிஃபர் ஃபிஷரும் இதையே பார்த்திருக்கிறார்கள். ஒரு தின்பண்டத்தை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஜாடியில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் மட்டும் அனுமதித்தார்கள். பிள்ளைகளின் நினைப்பெல்லாம் அந்த ஜாடி மேல்தான். "பொரியல் சாப்பிட்டால் ஸ்வீட்" என்பதும் இந்த வகைதான், ஸ்வீட் மேல் ஆசை ஏறும், பொரியல் மேல் வெறுப்பு ஏறும். இனிமேல் வீட்டுக்குக் கொஞ்சமாக வாங்கி, சாப்பாட்டோடு ஒரு கைப்பிடி வையுங்கள். அவனைக் குத்திப் பேசாதீர்கள். ஒளிந்து தின்ன வைப்பது அந்தப் பேச்சுதான்.

கேள்வி (புளியந்தோப்பு): பள்ளிக்கூடத்தில் காலையில் கிச்சடி, சாம்பார் எல்லாம் சாப்பிடுகிறாளாம். வீட்டில் அதே காய்கறியைத் தொடமாட்டேன் என்கிறாள்.

பதில்: பள்ளியில் பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், யாரும் கெஞ்சுவதில்லை. தனக்குப் பிடிக்காத காயை மற்ற பிள்ளைகள் ஆசையாகச் சாப்பிடுவதைச் சில நாள் பார்த்தாலே பிள்ளைகள் மாறுவதாக 1980-லேயே ஆய்வு வந்துவிட்டது. வீட்டிலும் நீங்கள் கூட உட்கார்ந்து அதே காயைச் சாப்பிடுங்கள், அவள் தட்டில் ஒரு ஸ்பூன் போதும். புதுக்காய் பிடிக்கப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகும். திணித்தால் காரியம் கெட்டுவிடும். சின்ன வயதில் அழ அழத் திணிக்கப்பட்ட பாகற்காயை நாற்பது வயதிலும் தொடாதவர்கள் இந்தக் கேள்விகளிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கேள்வி: சாப்பிடும்போது பேசக்கூடாது என்பது சரியா?

பதில்: வாயில் சோறு இருக்கும்போது பேசினால் புரையேறும், அதுவரை சரி. மற்றபடி நன்றாகப் பேசுங்கள். ராத்திரிச் சாப்பாட்டில் மார்க் ஷீட் பற்றி மட்டும் பேசாதீர்கள்.

கேள்வி (திருவொற்றியூர், வயது 19, பெண்): சின்ன வயதிலிருந்தே "குண்டு, இன்னும் எவ்வளவு திம்பே" என்பார்கள். இப்போது எல்லோர் முன்னாலும் சாப்பிடமாட்டேன். ராத்திரி ஒளிந்து நிறையச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுத்துவிடுகிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

பதில்: சொன்னதற்கு நன்றி கண்ணு. இது வெறும் பழக்கம் இல்லை, சிகிச்சை உள்ள ஒரு நோய். உன் தப்பும் இல்லை. அடிக்கடி வாந்தி எடுத்தால் உடம்பில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம், அதனால் தள்ளிப்போடாதே. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குக் காசில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசலாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, பஸ் ஏறினால் வந்துவிடலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நம்புகிற ஒரு தோழியைக் கூட்டிக்கொள். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ வந்தால் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போ. எடை குறைப்பது பற்றி இப்போதைக்கு யார் என்ன சொன்னாலும் கேட்காதே, நான் உட்பட. முதலில் அந்த டாக்டரைப் பார்.